ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘ஹாண்ட் ஓவர்’

ஊர் திரும்பிய நாள் முதல் உங்கள் கைக்கு வந்த கடதாசிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டுத்திட்டக் கடிதம், கூரைத்தகரம் வாங்கும்போது ஒப்பம் வைத்த சீட்டு, நீரிறைக்கும் இயந்திரத்துக்கான படிவம், காணி விடுவிப்பைப் பற்றிய அறிவித்தலின் பிரதி. இவற்றில் ஆங்கிலத்தில் உள்ளவற்றில் அநேகமாக ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். ‘ஹாண்ட் ஓவர்’ அல்லது ‘ஹாண்டட் ஓவர்’ என்பதுதான் அது. கூட்டங்களிலும் உத்தியோகத்தர்கள் “காணி ஹாண்ட் ஓவர் பண்ணியாச்சு”, “வீடு வாற மாதம் ஹாண்ட் ஓவர்” என்று தமிழோடு கலந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பாடத்தில் அந்த ஒரு சொல்லைப் பார்ப்போம்.

எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் இப்படி அடையாளம் காணலாம். ஏச், ஏ, என், டீ என்பது முதற்சொல். ஓ, வீ, ஈ, ஆர் என்பது இரண்டாவது சொல். முதற்சொல்லின் முடிவில் ஈ, டீ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது ‘ஹாண்டட்’. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு கடதாசியையும் இந்தப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஹாண்ட் என்றால் கை. ஓவர் என்றால் மேலே, அல்லது தாண்டி. இரண்டையும் தனித்தனியாகப் பொருள் கொண்டால் ‘கை மேலே’ என்று வரும். அதில் பொருள் இல்லை. சேர்ந்து நிற்கும்போதுதான் கையளித்தல், ஒப்படைத்தல் என்ற பொருள் கிடைக்கிறது. இப்படி ஒரு வினையும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவது ஆங்கிலத்தில் மிக அதிகம். நமக்கும் இது புதிதல்ல. கைவிட்டான், கைகொடுத்தான், கையாடினான், கைப்பற்றினான், கையளித்தான் என்று சொல்கிறோம். எல்லாவற்றிலும் அதே கைதான்; ஆனால் கைகொடுத்தவனும் கைவிட்டவனும் ஒருவன் அல்ல. தமிழில் கைக்குப் பின்னால் வரும் வினை பொருளை மாற்றுகிறது. ஆங்கிலத்தில் ஹாண்ட் என்பதற்குப் பின்னால் வரும் சின்னச் சொல் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே ஹாண்ட் என்பதைக் கண்டவுடன் நிறுத்திவிடாமல் அடுத்த சொல்லையும் பாருங்கள்.

‘ஹாண்ட் இன்’ என்றால் நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது. பூர்த்தி செய்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுத்தால் அது ஹாண்ட் இன். ‘ஹாண்ட் அவுட்’ என்றால் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பது. மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று வாங்கிய உலர் உணவும் தறப்பாளும் அந்த வகை. ‘ஹாண்ட் டவுன்’ என்றால் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வருவது. தாலிக்கொடிக்கும் சொல்லலாம், தோட்டக்காணிக்கும் சொல்லலாம். (ஆனால் அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்பவர்கள் கவனிக்க: பின்னுரித்தாளரின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவைப்பது தனி வேலை. வாயால் “இது மூத்தவளுக்கு” என்று சொன்னது அங்கே செல்லாது.) ‘ஹாண்ட் பாக்’ என்றால் உரியவரிடமே திருப்பிக் கொடுப்பது. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு திரும்பி வருவோம்.

இப்போது ஹாண்ட் ஓவர். இந்தச் சொல் வந்தால் மூன்று விடயங்கள் அதோடு இருக்க வேண்டும்: கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், கொடுக்கப்படும் பொருள் எது. ‘பை’ என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் கொடுப்பவர் வருவார். ‘டு’ என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் வாங்குபவர் வருவார். “த ஹவுஸ் வோஸ் ஹாண்டட் ஓவர் டு த பெனிஃபிசியரி பை த ஒர்கனைசேஷன்” என்றால் வீடு நிறுவனத்தால் பயனாளியிடம் கையளிக்கப்பட்டது என்று பொருள். ஆனால் ஆங்கிலத்தில் ‘பை’யையும் ‘டு’வையும் விட்டுவிட்டும் எழுதலாம். “த லாண்ட் வோஸ் ஹாண்டட் ஓவர்” என்பது இலக்கணப்படி முழு வசனம். காணி கையளிக்கப்பட்டது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது அதில் இல்லை. நமது பத்திரிகைகளிலும் ‘காணி கையளிப்பு’ என்று தலைப்பு வரும்போது இதே இடைவெளி இருக்கும்.

இந்த இடைவெளி மிதிவெடிக் காணியில் ஆபத்தானது. பச்சிலைப்பள்ளியில் முகமாலைப் பக்கம் காணி உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை; போர்முனை பல வருடம் நின்ற இடம் அது. துப்புரவு செய்யும் நிறுவனம் ஒரு துண்டு நிலத்தை முடித்ததும் அதை நேரே உங்களிடம் தருவதில்லை. வரைபடமும் முடிவறிக்கையும் முதலில் கண்ணிவெடிச் செயற்பாட்டுக்குப் பொறுப்பான அரச அலுவலகத்துக்குப் போகும். அங்கே சரிபார்த்த பின் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்று இறங்கி வரும். இந்தப் படிகளில் எதையும் ஆங்கிலத்தில் ஹாண்ட் ஓவர் என்றே சொல்லலாம். ஆகவே “உங்கட பக்கம் ஹாண்டட் ஓவர்” என்று ஒருவர் சொன்னால் முதற்கேள்வி “யாரிடம்?” என்பதுதான். விதானையார் உங்கள் பெயருக்குச் சொல்லும் வரை அது உங்களிடம் கையளிக்கப்படவில்லை. இரண்டாவது கேள்வி “எது வரை?” என்பது. கையளிப்பு வரைபடத்தில் கோடு போட்ட பகுதிக்கு மட்டுமே. வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள பனங்காணி அந்தக் கோட்டுக்குள் இல்லையென்றால் அங்கே விறகு பொறுக்கவும் போக வேண்டாம், மாடு தேடியும் போக வேண்டாம். தலையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையை யாரும் பிடுங்கிவிட்டிருந்தாலும் கோடு மாறாது.

அடுத்தது காலம். எங்கள் பார்வையில் மக்களுக்கு அதிக ஏமாற்றம் வருவது இங்கேதான். தமிழில் காலத்தை வினையின் கடைசியில் காட்டுகிறோம். கையளித்தார்கள், கையளிக்கிறார்கள், கையளிப்பார்கள். நமது காது வசனம் முடியும்வரை காத்திருந்து பழகியது. ஆங்கிலத்தில் காலம் முன்னால் நிற்கும் சின்னச் சொற்களில் இருக்கிறது. கடைசியில் கேட்பது எப்போதும் ‘ஹாண்டட் ஓவர்’தான். கூட்டத்தில் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு “முடிஞ்சுதாம்” என்று வீட்டுக்கு வந்தவர்கள் பலர். முன்னால் ‘வோஸ்’ அல்லது ‘ஹாஸ் பீன்’ இருந்தால் முடிந்துவிட்டது. ‘இஸ் பீயிங்’ இருந்தால் நடந்துகொண்டிருக்கிறது. ‘வில் பீ’ இருந்தால் இனித்தான். ‘டு பீ ஹாண்டட் ஓவர்’ என்பது அட்டவணைகளில் அடிக்கடி வரும். அதற்கும் இனிக் கையளிக்க இருப்பது என்றே பொருள். அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே இது இருந்தால் கையில் இன்னும் ஒன்றும் இல்லை.

இரண்டு சொற்களும் எப்போதும் ஒட்டி நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். திறப்பைக் கொடு என்பதை “ஹாண்ட் ஓவர் த கீ” என்றும் சொல்லலாம், “ஹாண்ட் த கீ ஓவர்” என்றும் சொல்லலாம். திறப்பு என்று சொல்லாமல் ‘அதை’ என்று சொன்னால் நடுவில் வைத்தே ஆக வேண்டும்: “ஹாண்ட் இட் ஓவர்”. “ஹாண்ட் ஓவர் இட்” என்பது பிழை. கடிதங்களில் ஹாண்டட் என்ற சொல்லுக்கும் ஓவர் என்ற சொல்லுக்கும் நடுவே துண்டு இலக்கம், பரப்பு, கிராம அலுவலர் பிரிவு எல்லாம் புகுந்து ஒரு வரி ஓடியிருக்கும். ஓவரைத் தேடிப் பிடியுங்கள்.

இனி வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் பயனாளியே வீட்டைக் கட்டினார். 5,50,000 ரூபா தவணைகளாக வந்தது. அப்படி நீங்களே கட்டிய வீட்டில் யாரும் உங்களுக்குத் திறப்புத் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் நிறுவனம் ஒப்பந்தகாரரைக் கொண்டு கட்டித் தந்த வீடு, மலசலகூடம், பொதுக்கிணறு, முன்பள்ளி ஆகியவற்றுக்குக் கையளிப்புப் படிவம் உண்டு. அதன் அடியில் பெரும்பாலும் இரண்டு கோடுகள் இருக்கும். இடப்பக்கம் ‘ஹாண்டட் ஓவர் பை’, வலப்பக்கம் ‘டேக்கன் ஓவர் பை’. முதலாவது, ஒப்படைத்தவர் ஒப்பம். இரண்டாவது, பொறுப்பேற்றவர் ஒப்பம். நீங்கள் வைப்பது இரண்டாவது இடத்தில்.

அங்கே ஒப்பம் வைத்தால் என்ன பொருள்? பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டது, இனி அதற்கு நீங்கள் பொறுப்பு என்பதே. நல்ல நிலையில் வந்தது என்று தனியாக எழுதியிருந்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறீர்கள். ‘இன் குட் கொண்டிஷன்’ என்ற மூன்று சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். யன்னல் நிலை ஆடுகிறது, கூரையில் ஓட்டை, கிணற்றுக்கட்டு வெடித்திருக்கிறது என்றால் ஒப்பம் வைப்பதற்கு முன் அதைத் தமிழிலேயே படிவத்தில் எழுதுங்கள். எழுதியதற்குப் பக்கத்தில் இரண்டு தரப்பும் ஒப்பம் வையுங்கள். வந்தவர் “பிறகு பார்ப்பம் அம்மா, இப்ப சைன் பண்ணுங்கோ” என்று அவசரப்படுத்தலாம். அவருக்கு அன்றைக்கு முடிக்க வேண்டிய வீடுகள் பத்து இருக்கும். உங்களுக்கு இருப்பது ஒரு வீடு. பத்து நிமிடம் கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

ஹாண்ட் ஓவர் சொல்லாத விடயமும் ஒன்று உண்டு: உரித்து. பொருள் கைமாறியதை மட்டுமே அது சொல்கிறது. திறப்பு உங்கள் கைக்கு வந்ததால் நிலம் உங்கள் பெயருக்கு வந்துவிடாது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களிடம் பெரும்பாலும் அனுமதிப்பத்திரம் இருக்கும், அல்லது இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். வீட்டின் கையளிப்புப் படிவம் அந்த அனுமதிப்பத்திரத்துக்கு மாற்று அல்ல. வீடு கிடைத்துவிட்டதென்று காணிப் பத்திரத்தின் பிரதியெடுக்கும் அலுவலைத் தள்ளிப்போட வேண்டாம்.

‘டேக் ஓவர்’ என்பதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. படிவத்தின் அடியில் அது பொறுப்பேற்றல். ஆனால் “த லாண்ட் வோஸ் டேக்கன் ஓவர்” என்று ஒரு செய்தியிலோ கடிதத்திலோ வந்தால், காணி பிறரால் எடுத்துக்கொள்ளப்பட்டது என்ற பொருள். சட்டப்படி அரசு காணி சுவீகரிப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். அதில் அறிவித்தல், ஆட்சேபனை என்ற படிகள் உண்டு. அப்படி ஓர் அறிவித்தல் உங்கள் காணியில் ஒட்டப்பட்டிருந்தால் வாசிக்கத் தெரியவில்லை என்று விட்டுவிடாமல் அன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். ஆட்சேபிக்க நாட்கணக்கு உண்டு.

இப்போது ‘ஹாண்ட் பாக்’. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது அங்கே கடைசியாக இருந்தவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்கள் போனது சொந்தக் காணிக்கு அல்ல, சீனியாமோட்டையில் அமைத்த குடியிருப்புக்கு. பிறகு பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 அன்று விமானப்படை முகாமுக்கு முன்னால் அமர்ந்தார்கள். வெயிலிலும் பனியிலும் பிள்ளைகளோடு ஒரு மாதம் இருந்து மார்ச் 1 அன்று உள்ளே போனார்கள். இப்படிப்பட்ட நிகழ்வை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். ‘ரிலீஸ்ட்’ என்றால் விடுவிக்கப்பட்டது. வைத்திருந்தவர் விட்டார் என்பதோடு அது நின்றுவிடும். ‘ஹாண்டட் ஓவர்’ என்றால் கையளிக்கப்பட்டது. கொடுத்தவருடைய பொருள் என்றுகூட வாசிப்பவர் நினைக்கக்கூடும். ‘ஹாண்டட் பாக்’ என்றால் மீளக் கையளிக்கப்பட்டது. ‘பாக்’ என்ற ஒரு சொல்தான் அது முதலில் யாருடையது என்பதைச் சொல்கிறது. தமிழில் ‘மீள’ என்பது செய்யும் வேலை அதுவே. உங்கள் சங்கம் ஆங்கிலத்தில் மகஜர் எழுதுவிக்கும்போது, சொந்தக் காணியைக் கேட்கிறீர்கள் என்றால் ‘ஹாண்ட் பாக்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்ததாக எழுதுவது சிலருக்கு நோவாக இருக்கும். ஆனாலும் இந்தச் சொல்லைப் பற்றி வன்னியில் எழுதிவிட்டு அதைத் தொடாமல் போக முடியாது. ஹாண்ட் ஓவர் என்பதை மனிதர்களுக்கும் சொல்வார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் வழியாக வெளியேறியபோது கணவரை, மகனை, மகளை இராணுவத்திடம் கையளித்ததாகப் பல குடும்பங்கள் சொல்கின்றன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வன்னிக்கு வந்தபோதும் அதன் முன் சாட்சியம் சொன்னார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னால் 2017 பெப்ரவரி 20 முதல் அமர்ந்த தாய்மார் ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை ஏற்பதில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். ஒரு வினைமுடிவுக்கு எவ்வளவு பாரம் உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆங்கில வாக்குமூலத்திலும் அந்தப் பாரம் இருக்கிறது. “ஹி வென்ட் மிஸ்ஸிங்” என்றால் அவர் காணாமல் போனார். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. “ஹி சரண்டர்ட்” என்றால் அவர் சரணடைந்தார், அவராகச் செய்தது. “வீ ஹாண்டட் ஹிம் ஓவர் டு த ஆர்மி அட் வட்டுவாகல்” என்றால் நாங்கள் அவரை வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தோம். இதில் கொடுத்தவர், வாங்கியவர், இடம் எல்லாம் உண்டு. மூன்றும் ஒன்றல்ல. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலோ வேறு இடத்திலோ நீங்கள் தமிழில் சொன்னதை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினால், எழுதியதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘கையளித்தோம்’ என்று நீங்கள் சொன்ன இடத்தில் ‘மிஸ்ஸிங்’ மட்டும் நின்றால் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பிறகு ஒப்பம் வையுங்கள்.

சில தாய்மார் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே தயங்குகிறார்கள். நான்தானே பிடித்துக் கொடுத்தேன் என்ற எண்ணம். பிடித்துக் கொடுப்பதும் கையளிப்பதும் தமிழிலேயே வேறு வேறு. ஹாண்ட் ஓவர் என்ற சொல் கொடுத்தவர்மேல் பழி எதையும் வைப்பதில்லை. யாருடைய பொறுப்பில் விடப்பட்டார் என்பதைத்தான் அது சொல்கிறது. கேள்வி வாங்கியவரிடம் போகிறது.

இவ்வளவும் ஆங்கிலக் கடதாசியைப் பற்றி. ஆனால் வட மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. அரச அலுவலகம் எதுவும் தரும் கடிதத்துக்குத் தமிழ்ப் பிரதி கேட்பது சலுகை கேட்பது அல்ல. “இதைத் தமிழில தாங்கோ, வாசிச்சிட்டு ஒப்பம் வைக்கிறன்” என்றால் போதும்.

கடைசியாக மூன்று வசனங்கள். விடையைப் பார்க்க முன் நீங்களே பொருள் சொல்லிப் பாருங்கள்.

முதலாவது: “டூல்ஸ் வேர் ஹாண்டட் அவுட் டு த ஃபார்மர்ஸ்.”
இரண்டாவது: “த வெல் ஹாஸ் பீன் ஹாண்டட் ஓவர் டு த சொசைட்டி.”
மூன்றாவது: “த லாண்ட் வில் பீ ஹாண்டட் ஓவர் இன் டியூ கோர்ஸ்.”

முதல் வசனத்தில் கருவிகள் விவசாயிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டன. ‘வேர்’ என்பது பன்மைக்கு வரும் ‘வோஸ்’. உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால் பெயர்ப்பட்டியலைக் கேட்க வேண்டிய நேரம் இது. இரண்டாவதில் கிணறு சங்கத்திடம் கையளிக்கப்பட்டுவிட்டது. இனி வாளியும் கயிறும் துப்புரவும் சங்கத்தின் பொறுப்பு. நிறுவனத்தைத் தேடிப் போவதில் பயனில்லை. மூன்றாவதில் காணி இன்னும் கையளிக்கப்படவில்லை. ‘இன் டியூ கோர்ஸ்’ என்றால் உரிய காலத்தில் என்று பொருள், ஆனால் நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. யாரிடம் கையளிக்கப்படும் என்பதும் இல்லை. இந்த இரண்டையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான எழுத்தைக் கையோடு வாங்குங்கள். அப்படிக் கொடுப்பது ஹாண்ட் இன்.